ரெசின் கட்டைக்கு வயது என்ன?

கடல்நீர் மீன்தொட்டியில் மரக்கட்டை வைக்கலாமா என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொல்வார். நன்னீர்த் தொட்டியின் கதை வேறு. அங்கே ஒரு நல்ல கட்டையைச் சுற்றித்தான் மொத்த அலங்காரமும் அமையும். கட்டையிலிருந்து கசியும் கறை தண்ணீரைப் பழுப்பாக்கினாலும், அமேசான் ஆற்று மீன்களுக்கு அது பழகிய நிறம்தான். கடல்நீரிலோ அந்தக் கறையே குற்றம். பவளங்களுக்கு வெளிச்சம் வேண்டும். மஞ்சள் பாரித்த தண்ணீர் அந்த வெளிச்சத்தின் நீலப் பங்கை விழுங்கிவிடும். ஊறிய கட்டை மெல்ல இற்றுப்போகும். அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பாசி படரும். பலர் பயமுறுத்துவது போல அமிலத்தன்மை மட்டும் அவ்வளவு சீக்கிரம் கூடிவிடாது. கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள் பிஎச் அளவை 8.1க்கும் 8.4க்கும் நடுவில் பிடித்து நிறுத்தும். ஆனால் மற்ற வில்லங்கங்களே போதும்.

ஆகவே கடைக்கு வந்தது ரெசின் கட்டை, அதாவது செயற்கைப் பிசினை அச்சில் வார்த்த போலி மரம். கையில் எடுத்துப் பார்த்தால் செய்நேர்த்தி தெரியும். ஒரு முனையில் ரம்பம் ஓடிய தட்டையான முகம். அதில் நடுவிலிருந்து விரியும் ஆண்டு வளையங்கள். மழை பெய்த வருஷமும் பொய்த்த வருஷமும் வந்துபோன மாதிரி ஓரிடத்தில் அகலமாக, ஓரிடத்தில் நெருக்கமாக. கிளை ஒடிந்த இடத்தில் ஒரு கணு. பக்கவாட்டில் கப்பல் புழு குடைந்தது போலப் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழெட்டுத் துளைகள். குச்சியை விட்டுப் பார்த்தால் சில துளைகள் அரை அங்குலத்தில் முட்டிக்கொள்ளும். பள்ளங்களில் மட்டும் கரும்பழுப்புச் சாயம் தங்கியிருக்கும். திருப்பிப் போட்டால் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு தெரியும். உள்ளே காற்று தங்கி மிதந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு ஓட்டை.

இதற்கு வயது என்ன? அச்சிலிருந்து வெளியே வந்து ஆறு மாதம் ஆகியிருக்கலாம். வளையத்தை எண்ணினால் நாற்பது வருஷம் வரும்.

விளையாட்டுக் கேள்விதான். ஆனால் கடலை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்க ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த மனிதர், இதே கேள்வியைப் படைப்பு முழுவதையும் பற்றிக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் பதிலும் எழுதி, கட்டியெழுப்பிய பெயரைப் பாதி கெடுத்துக்கொண்டார்.

அவர் பிலிப் ஹென்றி காஸ். 1810இல் இங்கிலாந்தில் பிறந்து, பூல் துறைமுக ஊரில் வளர்ந்தவர். பதினேழு வயதில் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகக் கப்பலேறினார். பிறகு கனடாவில் விவசாயம், அலபாமாவில் வாத்தியார் வேலை, ஜமைக்காவில் பறவைகள். எங்கே போனாலும் பூச்சியும் நுண்ணோக்கியுமாகவே இருந்தார். 1852இல் உடல்நலம் தேடி டெவன் கடற்கரைக்குப் போனவர், பாறைக் குழிகளில் தேங்கிய கடல்நீரில் வாழும் உயிர்களிடம் மனதைப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தபோது, அதற்கு உயிர்களைப் பிடித்து அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். 1854இல் வந்த அவருடைய ‘தி அக்வேரியம்’ புத்தகம் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் எல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுபோய் உட்கார வைத்தது.

கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பவர்கள் கடல்நீருக்கு எங்கே போவது? காஸ் அதற்கும் வழி சொன்னார். கடல்நீரின் வேதியியல் பகுப்பாய்வை எடுத்துவைத்துக்கொண்டு, சிறு அளவுகளைத் தள்ளிவிட்டு, நான்கே உப்புகளில் சுருக்கினார்: சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கலக்கி, வடிகட்டி, முதலில் கடற்பாசி ஒட்டிய கற்களை விட வேண்டும். பாசி தண்ணீரைச் சீராக்கியபின் உயிர்களை விடலாம். கடலை ஒருநாளும் தொட்டிராத தண்ணீரில் கடல் சாமந்திகள் விரிந்தன.

இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் காஸ் சொன்ன எதையும்விட அவருக்குச் சாதகமான சாட்சி அதுதான். அதைச் சாட்சிக்கு அழைக்க அவருக்குத் தோன்றவில்லை.

காஸ் பிளிமத் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் அவருக்கு உருவகம் அல்ல, ஆறு நாட்கள்தான். பேராயர் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் கணக்கிட்டபடி உலகம் பிறந்தது கி.மு. 4004இல். ஆனால் 1830களிலேயே புவியியலாளர் சார்லஸ் லயல் பாறை அடுக்குகளைக் காட்டி, பூமிக்கு வயது ஆயிரங்களில் இல்லை, எண்ணவே முடியாத நீளம் என்று வாதாடியிருந்தார். காஸ் பாமரர் அல்ல. 1856இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர், பாறையும் புதைபடிவமும் என்ன சொல்கின்றன என்று படிக்கத் தெரிந்தவர். வேதமும் பொய்யில்லை, பாறையும் பொய்யில்லை என்றால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயில் இறந்தார். எட்டு வயதுகூட நிரம்பாத மகன் எட்மண்ட் கையில். அந்த ஆண்டின் கடைசியில் ‘ஆம்ஃபலோஸ்’ வெளிவந்தது. கிரேக்கத்தில் தொப்புள் என்று பொருள்.

காஸ் சொன்னதை அவரைக் கேலி செய்தவர்களின் வாயால் கேட்டால் முட்டாள்தனமாகப் படும். அவர் சொன்ன வரிசையிலேயே கேட்பதுதான் நியாயம்.

உயிருள்ளவை எல்லாம் வட்டமாகச் சுழல்கின்றன. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி, மறுபடியும் முட்டை. விதை, செடி, மரம், மறுபடியும் விதை. வட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி கிடையாது. கடவுள் ஒன்றைப் படைக்கிறார் என்றால், அந்த வட்டத்தில் ஏதோ ஓரிடத்தில் உள்ளே நுழைகிறார் என்று பொருள். எந்த இடத்தில் நுழைந்தாலும் அதற்கு முந்தைய கட்டத்தின் தடயம் அங்கே இருந்தே தீரும். புத்தகத்தில் காஸ் ஒரு தாவரவியலாளர் போல அப்போதுதான் படைக்கப்பட்ட உலகத்துக்குள் வாசகரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். இதோ ஒரு பனை வகை மரம்: தண்டு முழுக்க உதிர்ந்த மட்டைகளின் தழும்பு. ஆனால் அந்த மட்டைகள் ஒருநாளும் துளிர்த்ததும் இல்லை, உதிர்ந்ததும் இல்லை. மரமே பிறந்து ஒரு மணி நேரம்தான். இதோ வைரம் பாய்ந்த ஒரு மரம்: வெட்டினால் வளையங்கள். கடைசியில் ஆதாம். தாய் வயிற்றில் இராதவனுக்குத் தொப்புள் உண்டா? உண்டு என்கிறார் காஸ். இல்லாவிட்டால் அவன் முழு மனிதன் இல்லை.

தொப்புள் விவகாரம் காஸ் கிளப்பியது அல்ல. மிக்கலாஞ்சலோ சிஸ்டைன் ஆலயக் கூரையில் ஆதாமைத் தொப்புளோடுதான் தீட்டினார். 1646இல் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஓவியர்களின் தவறுகளைப் பட்டியலிட்டபோது ஆதாமுக்குத் தொப்புள் வரைவதையும் அதில் சேர்த்தார். காஸ் செய்த காரியம், தொப்புளிலிருந்து பாறைக்குத் தாவியது. உயிர்களைப் போலவே பூமிக்கும் ஒரு வாழ்க்கை வட்டம் உண்டு. அதில் கடவுள் நுழைந்த நொடியில் அதன் ‘கடந்த காலமும்’ கூடவே இருந்தது. எலும்புகள் பாறைக்குள் கிடக்கின்றன, அந்த விலங்குகள் வாழவே இல்லை. புதைபடிவமாகிப்போன சாணத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை: படைக்கப்பட்ட நொடியிலேயே விலங்கின் குடலில் செரித்த உணவு இருந்திருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும், தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபம் இல்லை.

புத்தகம் விலைபோகவில்லை. விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள், பக்தர்களும் ஒதுக்கினார்கள். காஸின் நண்பரும் பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய கடிதம்தான் அவரை அதிகம் புண்படுத்தியது. கிங்ஸ்லியும் கடற்கரை உயிர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், காஸை வெளிப்படையாகப் புகழ்ந்தவர். கடவுள் பாறைகளின்மேல் இவ்வளவு பெரிய, அதுவும் தேவையே இல்லாத ஒரு பொய்யை எழுதிவைத்தார் என்று தன்னால் நம்ப முடியாது என்றார் அவர். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1921இல், தத்துவவாதி பெர்ட்ரண்டு ரஸல் இதே யோசனையைக் கடவுளை நீக்கிவிட்டுச் சொன்னார்: உலகம் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான், எல்லோருடைய பொய் நினைவுகளோடும் சேர்ந்து உண்டானது என்று ஒருவர் வாதாடினால், தர்க்கத்தால் மட்டும் அவரை மறுக்க முடியாது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் காஸைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

காஸின் வட்டம் இந்தியத் தத்துவம் படித்தவர்களுக்குப் பழைய சங்கதி. விதை முந்தியா மரம் முந்தியா என்பது திண்ணைப் பேச்சு மட்டும் இல்லை. பிரம்ம சூத்திர உரையில் சங்கரர், வினையும் பிறவியும் விதையும் முளையும் போலத் தொடக்கம் இல்லாதவை என்று சொல்லித்தான் கடவுள் பாரபட்சம் உள்ளவர் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவிக்கிறார். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி, தொடக்கம் இல்லாதவை. முதல் நாள் என்ற ஒன்று இல்லாவிட்டால், முதல் மனிதனின் தொப்புளும் இல்லை. பதில் அத்தோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. சங்கரருக்கு முன்னோடியான கௌடபாதரே மாண்டூக்கிய காரிகையில் விதை-முளை உவமையை மடக்கியிருக்கிறார்: எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே உதாரணமாகக் காட்டுகிறீர்களே என்று. காஸின் வட்டத்துக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை என்றால், கடவுள் மட்டும் எப்படி நடுவில் நுழைந்தார்?

இப்போது அவருடைய மரத்துக்குத் திரும்பலாம். வளையம் என்பது மரத்தின்மேல் எழுதிய எழுத்து இல்லை. நீரை மேலே ஏற்றும் வெளிக்கட்டையும் தாங்கி நிற்கும் உள்வைரமும் வருஷ வருஷமாக அடுக்கடுக்காக வளர்ந்ததால் ஆனவை. அடுக்கு இல்லாமல் வைரம் பாய்ந்த நாற்பதடி மரம் கிடையாது. ஆகவே ஒரே நொடியில் ஒரு மரத்தை முழுசாகப் படைக்க நினைக்கும் கடவுள் வளையத்தையும் படைத்தே ஆக வேண்டும். அது ஏமாற்று இல்லை, கட்டாயம். இந்த இடம் வரை காஸின் பேச்சில் நியாயம் இருக்கிறது. கிங்ஸ்லியின் கோபம் மரத்தின்மேல் இல்லை, பாறையின்மேல்தான்.

வாதம் உடைவது செத்த மரத்தில். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தார், ரைன், மைன், டான்யூப் நதிகளின் மணற்படுகைகளில் புதைந்து கிடந்த ஓக், பைன் கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு கட்டையின் கடைசி வளையங்களும் அதற்கு அடுத்த கட்டையின் முதல் வளையங்களும் ஒரே பருவநிலையின் அகல-குறுகலைக் காட்டினால் இரண்டையும் ஒட்டிவிடலாம். அப்படி ஒட்டிக்கொண்டே பின்னால் போய், 2004இல் அவர்கள் வெளியிட்ட சங்கிலியின் நீளம் 12,460 ஆண்டுகள். இடைவெளி இல்லாமல், வருஷம் வருஷமாக. அஷரின் உலகத்தைப் போல இரு மடங்கு. ஆற்று மணலில் புதைந்த ஒரு பிணக்கட்டைக்கு வளையம் எதற்கு? அதைக் கொண்டு எந்த மரமும் நிற்கவில்லை, எந்த வட்டமும் சுழலவில்லை. அதுவும் அப்படியே படைக்கப்பட்டது என்று காஸ் சொல்லலாம். சொன்னால் மறுக்க முடியாது. எதைக் காட்டினாலும் விழுங்கிவிடும் அந்தக் குணம்தான் அவருடைய கொள்கையின் நோய்.

ஆனாலும் அவசரப்பட்டு அவரைத் தள்ளிவிட வேண்டாம். அந்தச் செயற்கைக் கடல்நீர் இருக்கிறதே. 1715இலேயே எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி, கடலின் உப்பு ஏறும் வேகத்தை அளந்தால் உலகத்தின் வயதைக் கணக்கிடலாம் என்று யோசனை சொன்னார். ஆறுகள் வருஷாவருஷம் கொண்டுவந்து கொட்டும் உப்புதான் கடலில் சேர்கிறது என்பது அவர் கணக்கு. 1899இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி அந்தக் கணக்கைச் செய்தே பார்த்தார். கடலிலுள்ள சோடியத்தை ஆறுகள் தரும் சோடியத்தால் வகுத்தால் எட்டு முதல் ஒன்பது கோடி ஆண்டுகள் வந்தது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது ஜோலிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ். காஸோ அதே உப்பை ஒரு காலைப்பொழுதில் சாடியில் கலக்கியிருந்தார். ஜோலி அந்தச் சாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அளந்திருந்தால் அதற்கும் எட்டுக் கோடி வயது என்றுதான் எழுதியிருப்பார். பழமையின் தோற்றம் பழமை இல்லாமலேயே வரலாம் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. (ஜோலியின் கணக்கும் தவறுதான். உப்பு கடலுக்குள் வருவது போலவே படிவங்களாக வெளியேறவும் செய்கிறது. அவர் வரவை மட்டும் எழுதி, செலவை விட்டுவிட்டார்.)

அதே 1850களில், அதே மாதிரிச் செயற்கைக் கடல்நீரை வாங்கிவைத்து இன்னொருவர் வேறு வேலை செய்துகொண்டிருந்தார். கென்ட் மாவட்டத்தின் டவுன் கிராமத்தில் சார்லஸ் டார்வின். மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் பயன்படுத்திய உப்பையே தண்ணீரில் கரைத்து, அதில் விதைகளைப் போட்டார். சில போத்தல்கள் அழுகி நாறின. 87 வகை விதைகளில் 64 வகை 28 நாள் ஊறியும் முளைத்தன. ஆனால் பெரும்பாலான விதைகள் நீரில் மூழ்கிவிடுகின்றனவே, பிறகு எப்படித் தீவுகளுக்குப் போய்ச் சேரும்? அப்போதுதான் அவருக்கு மரம் நினைவுக்கு வந்தது. காய்ந்த கட்டை பச்சைக் கட்டையைவிட நன்றாக மிதக்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் கிளைகள் கரையில் காய்ந்து மறுபடி கடலுக்குப் போகலாம். பழுத்த கனிகளோடு 94 வகைச் செடிகளின் தண்டுகளையும் கிளைகளையும் உலர்த்திக் கடல்நீரில் மிதக்கவிட்டார். பெரும்பாலானவை சீக்கிரம் மூழ்கின. பதினெட்டு வகை 28 நாளுக்கு மேல் மிதந்தன.

கடல்நீர்த் தொட்டியில் மரம் வைத்த வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள கட்டைகள் இருந்திருக்க முடியாது. காஸ் கேட்டது: ஒரு பொருளின்மேல் இருக்கும் கடந்த காலத்தின் அடையாளம் உண்மையா? டார்வின் கேட்டது: அந்தக் கடந்த காலத்தில் என்ன நடந்திருந்தால் இப்படி ஆகும், அது நடக்கக்கூடியதுதானா? முதல் கேள்விக்கு நாற்காலியில் சாய்ந்து யோசித்தால் போதும். இரண்டாவதற்குக் கை நனைய வேண்டும். டார்வின் இன்னொரு செய்தியும் குறித்துவைத்தார். கல்லே இல்லாத பசிபிக் பவளத் தீவுகளில், ஒதுங்கும் மரங்களின் வேரில் சிக்கிவரும் கற்களைத்தான் மக்கள் கருவி செய்ய எடுப்பார்கள். அந்தக் கற்கள் அரசனுக்குச் சேர வேண்டிய வரியாகவே இருந்தன. மரத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கடலில் மரம் இல்லாமல் இல்லை. அங்கே மரத்துக்கு ஓய்வு இல்லை, அவ்வளவுதான். கப்பல் புழு என்று நாம் சொல்வது புழுவே அல்ல, சிப்பி இனம். நீண்ட வெள்ளை உடலின் முன்நுனியில் இரண்டு சிறிய ஓடுகள், அவற்றின் விளிம்பில் அரம் போலப் பற்கள். இழைத்து இழைத்து உள்ளே போகும். போன வழிக்கெல்லாம் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொண்டே போகும். அரைத்த மரத்தைச் செரிக்க அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியா நொதிகளைச் சுரந்து தருகிறது. 1730களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் கடல் அணைகளைத் தாங்கிய மரக்காப்புகளை இது சல்லடையாக்கியபோது, பிரசங்க மேடைகளில் அது தேவ தண்டனையாகிவிட்டது: நாட்டில் பாவம் பெருகியதால் கடவுள் ஒரு புதிய பூச்சியை ஏவினார் என்றார்கள். ஜெபத்தோடு நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். காட்ஃபிரீட் செல்லியஸ் என்ற அறிஞர் 1733இல் அது சிப்பி இனம் என்று அறுத்துக் காட்டினார்; பொறியாளர்கள் அணைகளுக்குக் கல் பாவினார்கள். நம் கரையில் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போட்டது ஊறிய மரம் கனத்துவிடும் என்பதற்காக. காய்ந்த மரத்தில் இந்தச் சிப்பி பிழைக்காது என்பது கூடுதல் லாபம்.

உப்புத் தண்ணீரில் நிஜமாகக் குடியிருக்கும் மரம் உயிரோடு இருக்கும் மரம்தான். பிச்சாவரத்தின் சுரபுன்னை அப்படி; சிதம்பரத்துக்கே பெயர் தந்த தில்லை மரமும் அப்படி. கடல்நீர்த் தொட்டியில் பச்சை மரம் வேண்டும் என்கிறவர்கள் சுரபுன்னை இனத்து நாற்றைத்தான் வளர்க்கிறார்கள். அது கறையைக் கக்குவதற்குப் பதில் நைட்ரேட்டை உறிஞ்சுகிறது.

தொட்டிக்காரர்கள் தங்கள் அனுபவத்தில் அறிந்த ஒரு உண்மை காஸுக்கு எதிராகப் போகிறது. புதிய தொட்டியில் தண்ணீர், மணல், கல் எல்லாம் கச்சிதமாக அமைத்து, பார்ப்பதற்குப் பத்து வருஷத் தொட்டி போலவே செய்துவிடலாம். அன்றைக்கே மீனை விட்டால் செத்துப்போகும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். ‘சைக்கிளிங்’ என்று அவர்கள் சொல்லும் இந்த வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடலில் கிடந்த கல்லை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஆகும். ஏனென்றால் அது தன் கடந்த காலத்தைக் கூடவே கொண்டுவருகிறது, வெறும் தோற்றத்தை அல்ல. காத்திருக்க வேண்டும் என்பது காஸுக்கே தெரியும். பாசியை முதலில், உயிர்களைப் பிறகு என்று அவர் எழுதியது இதனால்தான். தன் சாடியில் காலத்தைத் தாண்ட முடியாதென்று கண்டவர், உலகத்தின் விஷயத்தில் காலத்தை ஒரு ஓவியக் கோடு போல எண்ணினார். சர்வவல்லமையுள்ளவர் பாக்டீரியாவையும் சேர்த்தே படைக்கலாமே என்று அவர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். படைத்தால் அது வேலை செய்யும் தொட்டி. அதற்குப் பாறையில் செத்த மீனின் எலும்பு எதற்கு?

இந்தக் கண்ணோடு ரெசின் கட்டையைப் பார்த்தால் தீர்ப்பு எளிது. வளையம் பொய். கணு பொய். ஆனால் துளை பொய் இல்லை. சிப்பி துளைக்காவிட்டாலும் துளை துளைதான். ஆழமாக இருக்கும் ஒன்றில் ஒரு பிளென்னி மீன் வாலை முதலில் நுழைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வேண்டியது ஒளிய ஓர் இடம், அந்த இடத்தின் வரலாறு அல்ல. வாங்குகிறவருக்கும் அது ரெசின் என்று தெரியும், விலைச் சீட்டிலேயே எழுதியிருக்கும். யாரும் ஏமாறாத இடத்தில் பொய் என்ற சொல் பொருந்தாது. கிங்ஸ்லியின் ஆட்சேபம் கடைக்காரரைத் தொடாது. காஸின் கடவுளைத்தான் தொடும், அவர் சீட்டு எதுவும் ஒட்டவில்லை.

காஸின் உண்மையான கடன் வேறு இடத்தில் இருக்கிறது. மகன் எட்மண்ட் காஸ் வளர்ந்து பெரிய இலக்கிய விமர்சகராகி, 1907இல் ‘ஃபாதர் அண்ட் சன்’ என்ற நினைவுநூலை எழுதினார். அதில் தந்தையோடு பாறைக் குழிகளில் குனிந்து பார்த்த பிள்ளைப்பருவத்தை எழுதும்போது ஒரு துக்கத்தையும் பதிந்திருக்கிறார். அந்தக் குழிகள் பிற்பாடு காலியாகிவிட்டன. தந்தையின் புத்தகங்களைப் படித்துவிட்டுக் கூடையும் உளியுமாக வந்த கூட்டம், நூற்றாண்டுகளாக யாரும் தொடாமல் இருந்த கரையைச் சுரண்டி எடுத்துப் போயிற்று. எடுத்துப் போனவற்றில் பெரும்பகுதி வரவேற்பறைத் தொட்டிகளில் சில நாளில் செத்திருக்கும். தன் எழுத்தே இதற்கு வழிவகுத்தது தந்தைக்குப் பெரிய வேதனை தந்தது என்கிறார் எட்மண்ட். கடவுள் பாறையில் பொய் எழுதினாரா என்று ஒரு புத்தகமே எழுதியவரின் பக்தர்கள், அதே பாறையை மொட்டையடித்தார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும். அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கொளத்தூரிலோ வேறு எங்கோ கடைக்குப் போகும்போது, ‘அசல் கடல் கல், தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்’ என்று யாராவது காதோடு சொன்னால் வாங்காதீர்கள். கரையில் ஒதுங்கிய கட்டையையும் வண்டியில் ஏற்றாதீர்கள். அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது, பழைய படகுப் பலகையாக இருந்தால் செம்புக் கலவைப் பூச்சு இருக்கும், இறாலும் பவளமும் செத்துவிடும். அச்சுக் கோடு தெரிகிற ரெசின் கட்டையையே கேட்டு வாங்குங்கள். வாளியில் நாலு நாள் ஊறவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் வையுங்கள்.